புதுச்சேரியில் மின் ஸ்கூட்டர் சுற்றுலா: வாய்க்காலைத் தாண்டுமா என்று முதலில் கேளுங்கள்

மதுரையிலிருந்து நான்கு பேர் வருகிறீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள். வழிகாட்டியோடு மூன்று மணி நேரம் மின் ஸ்கூட்டரில் புதுச்சேரியின் பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டுகிறோம் என்று ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறீர்கள். கொடுக்கிற காசுக்குத் தகுமா, நடந்தே பார்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். அப்பாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. மகளுக்கு 14 வயது, தானும் ஓட்ட வேண்டும் என்கிறாள்.

நான் இந்த ஊரில் பல வருடமாக வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறவன். முதலில் நடையாக, அப்புறம் சைக்கிளில், இப்போது பேட்டரி வண்டியிலும். அதனால் தொழில் செய்கிறவன் சொல்கிறான் என்று கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

நேரடியான பதில் இதுதான். விளம்பரம் கொடுத்தவருக்குப் போன் போட்டு, "வண்டி எந்தெந்தத் தெருவுக்குப் போகும்?" என்று கேளுங்கள். கடற்கரை, துய்மா வீதி, மஞ்சள் சுவர், பாரதி பூங்கா, மறுபடி கடற்கரை என்று பதில் வந்தால் வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல மீன் சாப்பாடு சாப்பிடுங்கள். வைசியாள் வீதி, ஈஸ்வரன் கோயில் பக்கம், ரங்கப்பிள்ளை வீதி, முல்லா வீதி என்று பெயர்கள் வந்தால் தாராளமாக எடுங்கள்.

காரணம் ஊரின் அளவு. எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற ஒயிட் டவுன் கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவே இருக்கிற ஒரு பட்டை. அகலம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர், நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம். காலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் இரண்டு முறை நடந்துவிடலாம். அங்கே வண்டியில் போனால் ஐம்பது அடிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், ஸ்டாண்டு போட வேண்டும், ஹெல்மெட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். பாதித் தெருக்கள் ஒருவழி. எதிரே தெரிகிற கட்டடத்துக்கு நான்கு தெரு சுற்றிப் போகிற கூத்தும் நடக்கும். போதாக்குறைக்கு, கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. "மாலை நேரக் கடற்கரை ஸ்கூட்டர் பயணம்" என்று யாராவது விற்றால், வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நடக்கப்போகிறீர்கள் என்று பொருள்.

ஒயிட் டவுனில் நடக்கும்போது தெருப்பலகைகளை மட்டும் கவனியுங்கள். நீல எனாமல் தகட்டில் பிரெஞ்சும் தமிழும் இருக்கும். துய்மா வீதிப் பலகைக்கு முன்னால் நின்று, நாவல் எழுதிய அலெக்சாந்தர் துய்மாவின் பேர் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அப்பாக்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். அது 1735 முதல் 1741 வரை இங்கே கவர்னராக இருந்த பெனுவா துய்மாவின் பேர். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. கொஞ்சம் தள்ளி இருக்கிற 1836ஆம் வருடத்துக் கலங்கரை விளக்கம், 2014 மழையில் இடிந்து விழுந்து பழைய அச்சிலேயே திரும்பக் கட்டிய மேரி கட்டடம் இரண்டையும் பார்த்துவிட்டால் கடற்கரைப் பக்கம் ஏறக்குறைய முடிந்தது. மேரி என்றதும் மாதா என்று நினைக்க வேண்டாம். நகராட்சி மன்றத்துக்கு பிரெஞ்சில் அதுதான் பேர். ஊர்க்காரர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே இன்னமும் சொல்தா என்றுதான் சொல்வார்கள்.

இனி வாய்க்காலுக்கு மேற்கே. வண்டிக்கு வேலை வருவது இங்கேதான்.

செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே ஓடுகிற அந்தப் பெரிய வாய்க்கால்தான் வெள்ளைக்காரர் பகுதிக்கும் தமிழர் பகுதிக்கும் எல்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் தெருக்கள் ஒரே கட்டம் போட்ட கணக்கில் நேராக இருப்பதைக் கவனிப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் போட்ட திட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். 1693இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்தது அது. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டின் மேலேயே கட்டினார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். அதற்குப் பிறகு எழும்பியதும் அதே கோட்டின் மேல்தான். கட்டடங்கள் போய்விட்டன, தெருக்கள் தங்கிவிட்டன. ஊரைச் சுற்றி முட்டை வடிவில் ஓடுகிற பட்டேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை மூன்றையும் வண்டியில் ஒரே மூச்சில் சுற்றிவந்தால் பழைய கோட்டைச் சுவர் எப்படி வளைந்திருக்கும் என்பது உடம்புக்கே தெரியும். நடந்து போனால் இது பிடிபடாது, காரில் போனால் நெரிசல்தான் தெரியும்.

முதலில் வைசியாள் வீதியில் நிறுத்துவேன். கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்றும் பலகையில் பார்க்கலாம். இங்கே ஒரு வீட்டு முன்னால் நின்று, சற்றுமுன் வாய்க்காலுக்குக் கிழக்கே பார்த்த வீட்டை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். அந்த வீடு தெருவுக்கு உயரமான மதிலைக் காட்டும், பெரிய கதவைக் காட்டும். தோட்டமும் தாழ்வாரமும் மதிலுக்கு உள்ளே. இந்த வீட்டில் திண்ணை தெருவிலேயே இருக்கிறது. அதன் மேல் மரத்தூண் தாங்குகிற சாய்ப்பு. வெயிலில் வந்தவன் கேட்காமலே உட்காரலாம். இதே வீட்டின் மாடியைப் பார்த்தால் அங்கே பிரெஞ்சு பாணி வளைவு, கைப்பிடிச் சுவர், சுண்ணாம்புப் பூவேலை. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இந்தத் தெருவின் முகப்புகளை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு வீட்டுக்காரர்களோடு சேர்ந்து மீட்டெடுத்தது. பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய ஊர்களும் அந்தத் திட்டத்தில் கைகோத்தன. அப்படி முழுத் தெருவாகப் பார்க்கக் கிடைப்பது இங்கே மட்டும்தான். மற்ற தெருக்களில் ஒரு பழைய வீடு, பக்கத்தில் நான்கு மாடி அபார்ட்மென்ட், அப்புறம் ஒரு பழைய வீடு.

அங்கிருந்து ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வீடு. 1908இல் வாரண்டுக்குத் தப்பி வந்தவர் 1918 வரை பத்து வருடம் இந்த ஊரில் கழித்தார். வீடு இப்போது நினைவகம். தமிழ்ப் பயணிகள்தான் இங்கே அதிக நேரம் நிற்பார்கள். எந்த வழிகாட்டியும் அவசரப்படுத்தக் கூடாத இடம் இது. மூன்று மணி நேரத்தில் இதற்கு அரைமணி ஒதுக்கவில்லை என்றால் அந்த வழிகாட்டியை மாற்றுங்கள்.

பிறகு நான் சொல்ல ஆசைப்படுகிற கதை, இரண்டு நிறுத்தங்களில் சொல்ல வேண்டியது. மிஷன் வீதியில் இருக்கிற பெரிய தேவாலயத்தை ஊரில் சம்பா கோயில் என்பார்கள். புனித பவுல், அதாவது சேன் பால் என்பதுதான் தமிழ் வாயில் சம்பா ஆயிற்று. இன்று நிற்கிற கட்டடம் 1791இல் முடிந்தது. இதன் பக்கத்திலேயே ஒரு காலத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748இல் ஆங்கிலேயக் கப்பல்கள் முற்றுகை போட்டிருந்த சமயத்தில், கவர்னர் துப்ளேயின் ஆட்கள் அந்தக் கோயிலை இடித்தார்கள். துப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கண் முன்னால் தங்கள் கோயில் போகிறது, போகச் செய்கிறவர் தமக்குப் படியளக்கிற எஜமான். இந்த இக்கட்டு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. 1736 முதல் 1761 வரை அவர் எழுதினார். நகரம் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடினார்.

இதைச் சம்பா கோயில் வாசலில் பாதி சொல்லி நிறுத்திவிடுவேன். வண்டியை எடுத்து ரங்கப்பிள்ளை வீதிக்குப் போய், பெரிய மார்க்கெட் பக்கத்தில் அவர் வீட்டு முன்னால் மீதியைச் சொல்வேன். 1730களில் கட்டிய வீடு. உள்ளே போக முன்னனுமதி வேண்டும் என்பதால் வெளியே நின்றுதான் பார்ப்போம். வேதபுரீஸ்வரர் பின்னால் வேறு இடத்தில் கோயில் கொண்டார். ஈஸ்வரன் கோயில் வீதியில் இன்றைக்கும் பூசை நடக்கிறது. இடித்த இடம், எழுதியவர் வீடு, மறுபடி எழுந்த கோயில் மூன்றும் வண்டியில் சில நிமிட தூரம். நடந்தால் மதியம் ஆகும், அதற்குள் கேட்பவர்களுக்குக் கதை அறுந்துவிடும். ஸ்கூட்டர் சுற்றுலாவை நான் ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான்.

முல்லா வீதி, காஜியார் வீதி பக்கம் முஸ்லிம்கள் வாழும் பழைய பகுதி. தெரு குறுகல், வேகத்தைக் குறைத்துத்தான் போக வேண்டும். அங்கிருந்து தெற்கே ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் 1907இல் திறந்த திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, தென்மேற்கு மூலையில் 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. நேரமிருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை.

முடிக்கிற இடமாகப் பாரதி பூங்கா நடுவில் இருக்கிற ஆயி மண்டபத்தை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெள்ளை வளைவுகளைப் பார்த்து எல்லோரும் ஏதோ பிரெஞ்சு வெற்றிச் சின்னம் என்று நினைக்கிறார்கள். ஆயி ஒரு தேவதாசி. விஜயநகர அரசர் ஒருவர் (கிருஷ்ணதேவராயர் என்று சொல்வதுண்டு) இந்தப் பக்கம் வந்தபோது விளக்கு வைத்த அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் வீட்டை இடிக்க உத்தரவு. ஆயி தானே வீட்டை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள். இது கதை. கதைக்கு அடுத்தது வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் பகுதியில் நல்ல குடிநீர் இல்லாமல் திண்டாடியபோது லாமேரேஸ் என்ற பொறியாளர் மேற்கே, ஆயி குளம் வெட்டியதாகச் சொல்கிற முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தார். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அதன் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதுதான். ஒரு பிரெஞ்சுப் பேரரசரின் காலத்தில், கவர்னர் மாளிகைக்கு நேர் எதிரே, ஒரு தாசியின் பேரில் மண்டபம். இதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், முழங்கால் வலியை மறந்து ஒருமுறை சுற்றிவருவார்.

இனி வண்டியைப் பற்றி. பேட்டரி வண்டி இரண்டு ரகம். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகாத சின்ன வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுப்பதில்லை. லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். சுற்றுலாவில் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். நல்லதாகத் தோன்றும். ஆனால் ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டிக்கு வழக்கமான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் இராது. யார் மேலாவது இடித்தால் செலவு யாருடையது என்பதை ஏறுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், முடிந்தால் வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள். அதைவிட வேகமாகப் போகும் வண்டி என்றால் பச்சை நம்பர் பலகை இருக்கும். உங்கள் லைசென்ஸும் வேண்டும். எது கொடுத்தாலும் ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும் வேண்டும், பின்சீட்டுக்கும் வேண்டும். சட்டத்தை விடுங்கள், தலை நம்முடையது.

மேல்நாட்டில் நின்றபடி ஓட்டுகிற சின்னச் சக்கர ஸ்கூட்டரை இங்கே யாராவது நீட்டினால் தொடாதீர்கள். பாரிஸ் நகரமே 2023இல் மக்களிடம் வாக்கெடுத்து வாடகைக்கு விடும் அந்த ஸ்கூட்டர்களை அனுப்பிவைத்துவிட்டது. நம் தெருவின் பள்ளத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் ஒருநாளும் ஒத்துவராது.

மின் ஸ்கூட்டரின் பெரிய வசதி சத்தம் இல்லாதது. நான்கு வண்டி வரிசையாகப் போகும்போதே, திரும்பிப் பார்க்காமல் "வலது பக்கம் அந்த மாடியைப் பாருங்க" என்று நான் சொன்னால் பின்னால் வருகிறவருக்குக் கேட்கும். பெட்ரோல் வண்டியில் இது நடக்காது. ஆபத்தும் அதே சத்தமின்மையில்தான். போன வருடம் வைசியாள் வீதியில் ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். இன்ஜின் சத்தம் இல்லையே, அணைந்துவிட்டது என்று நினைத்து இறங்கி, வண்டியைப் பின்னுக்குத் தள்ள ஹேண்டில்பாரைப் பிடித்தார். பிடித்த கை ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டது. வண்டி அவர் கையிலிருந்து நழுவி நேராகப் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் முட்டி நின்றது. திண்ணையில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அம்மா முறத்தோடு எழுந்துவிட்டார். யாருக்கும் அடி இல்லை. கண்ணாடி ஒன்று உடைந்தது, அரிசி தெருவெல்லாம். நாங்கள் ஆறு பேரும் குனிந்து பொறுக்கினோம். அந்த அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, கூடவே நாலு வார்த்தையும் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரே விதி: கால் தரையில் பட்டதும் சாவி கையில். உங்கள் வழிகாட்டி கிளம்புவதற்கு முன்னால் இதைச் சொல்லி, காலியான இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கவும் விடாவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். ஒரு வழிகாட்டிக்கு ஐந்து வண்டிக்கு மேல் இருந்தாலும் யோசியுங்கள். கடைசி வண்டிக்குக் கதை போய்ச் சேராது, சிக்னலில் வரிசையும் அறுந்துவிடும்.

ஊர் தட்டை என்பதால் மேடு ஏறி பேட்டரி தீர்கிற கவலை இல்லை. மூன்று மணிநேரம் நின்று நின்று போனாலும் பதினைந்து கிலோமீட்டர் வராது. ஆனாலும் இருவர் ஏறுகிற வண்டியில் சார்ஜ் பாதிக்குக் கீழே இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

நாளையும் நேரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் வருவது சனி, ஞாயிறு. சனிக்கிழமை காலை 6.30க்குக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தை போட்டுவிடுவார்கள். சட்டை, செருப்பு, பாத்திரம் என்று நடக்கவே இடம் இராது. அன்றைக்கு வண்டியை மறந்துவிட்டு அந்தச் சந்தையிலேயே நடப்பது ஒரு சுகம். ஏப்ரல், மே என்றால் 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம். தெருவில் தண்ணீர் நின்றால் பேட்டரி வண்டியை இறக்கவே கூடாது. ரத்து செய்தால் காசு திரும்பி வருமா என்று முன்பே பேசிவிடுங்கள்.

சிலர் அரிக்கமேட்டையும் சேர்த்து விற்பார்கள். ஊருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளையும் இத்தாலிய அரெட்டைன் மண்பாண்டத் துண்டுகளையும் எடுத்த இடம். போக ஆசைப்படலாம். ஆனால் வழி கடலூர் சாலை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, 25 கிலோமீட்டர் வேகத்தில் குடும்பத்தோடு போகிற சாலை அல்ல அது. அங்கே போய்ப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது பழைய செங்கல் சுவர், தென்னை, ஆறு அவ்வளவுதான். ஆட்டோவில் போங்கள். அல்லது சேன் லூயி வீதியில் இருக்கிற அருங்காட்சியகத்தில் அங்கே கிடைத்த ஓடுகளையும் மணிகளையும் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை, உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அப்பா விஷயம். பின்சீட்டில் மூன்று மணிநேரம் கால் மடக்கி உட்காருவது முழங்கால் வலிக்காரருக்கு நடையைவிடக் கஷ்டம். ஏறி இறங்குவதுதான் உயிரை எடுக்கும். அவருக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவோ ஆட்டோவோ தனியாகப் பேசிக் கூடவே வரச் சொல்லுங்கள். இந்த வேகத்தில் அது பின்தங்காது. ரிக்‌ஷா ஓட்டுகிறவர் வயதானவராக இருந்தால் எனக்குத் தெரியாத கதைகள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மகள் கட்டாயம் கேட்பாள். சின்ன வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாமே என்று சட்டமும் பேசுவாள். கொடுக்காதீர்கள். சனிக்கிழமை காலை 8 மணிக்கு மேல் மிஷன் வீதியில் மாடு, ஸ்கூல் வேன், பூக்கடைத் தள்ளுவண்டி மூன்றும் ஒரே நேரத்தில் குறுக்கே வரும். பின்சீட்டில் உட்காரவைத்துத் தெருப்பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அந்தத் தமிழ் எழுத்துக்கூட்டலில் அவள் சிரிப்பதற்கு ஏகப்பட்ட சரக்கு இருக்கிறது.